உப்புக்குழி

எனக்கு மாடுகள் மீது எந்த வெறுப்பும் இல்லை. அனுமந்தன்பட்டியில் என் வீட்டுத் தொழுவத்தில் ஆறு பசுக்கள் நிற்கின்றன. மூன்றுக்கு நானே பெயர் வைத்தேன். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

சர்க்காரிடம் முறையாகக் குத்தகைக்கு எடுத்து, முப்பத்தைந்தாம் வருடம் அந்த மலைச் சரிவில் இலவங்கன்று நட்டேன். ஒரே மாதத்தில் ஐந்து ஊர் மாடுகளும் அவற்றை மிதித்துத் துவைத்துவிட்டன. வருடம் முழுக்க மலையிலேயே கிடக்கும் மாடுகள் அவை. காவலுக்குச் சுருளியாண்டி என்று ஒருவன், அவன் பெண்டாட்டி சந்தனம்மாள், ஒரு புல் குடிசை. குத்தகைக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மரியாதையாகப் பார்த்தான்.

"எங்க பாட்டன் காலத்துலருந்து இதுதேன் தடம். மலை எல்லாருக்கும் பொதுதானங்கய்யா. நீங்களும் மாட்டப் பத்தி விடுங்க, யாரு வேணாம்ங்கிறாக?"

என் இடத்தில் மேய்க்க எனக்கே அனுமதி கொடுக்கிறான். பொது என்ற சொல்லே எனக்கு அருவருப்பு. ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்வார ஆள் கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு அன்றைக்கு இடுப்புவலி வருகிறதென்று தெரியும்.

அந்தக் கூட்டம் ஒரே ஒரு காரியத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தது. குடிசைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு குழி உண்டு. மலையேறுகிற யாராக இருந்தாலும் ஒரு கை உப்பு கொண்டுவந்து அதில் போட வேண்டும். காவல் கிடையாது, கேள்வி கிடையாது. பொழுது சாய அதை அள்ளிப் பாறையில் பரப்புவார்கள். உப்புக்குப் பழகிய மாடு எந்தக் காட்டில் கிடந்தாலும் நக்க வந்துவிடும். அத்தனையும் ஒரே இடத்துக்கு வரும் என்பதை யோசித்துப் பார்க்க அவர்களுக்கு மூளை இல்லை.

அவர்கள் வழக்கத்தை நான் மீறவில்லை. வெறுங்கையோடு போகாமல் இரண்டு படி கொண்டுபோனேன். பாதி உப்பு, பாதி வெள்ளைப் பாஷாணம்.

"இம்புட்டு உப்பா? அய்யா மனசு மாறிட்டாக" என்று சந்தனம்மாள் புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நாற்பத்தொரு மாடு செத்தது. அதை நான் செய்தேன், மறுக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி இருவரும் செத்ததற்கு நான் பொறுப்பில்லை. மாட்டுக்கு வைத்த உப்பை மனிதர் தின்றால் யார் என்ன செய்ய முடியும்?

அன்று நான் அங்கே சாப்பிட்டேனா என்று கேட்கிறீர்கள். சாப்பிட்டேன். அவள் மூன்று கலயத்தில் கேப்பைக் கஞ்சி ஊற்றினாள். பிறகு குழியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி வந்து முதலில் என் கலயத்துக்கு நீட்டினாள். வைத்தியர் எனக்கு உப்பை விலக்கியிருக்கிறார் என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு மற்ற இரண்டிலும் போட்டுக் கலக்கினாள். நான் பேசாமல் குடித்துவிட்டு இறங்கினேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று உங்கள் ஏட்டு எனக்குப் புத்தி சொல்கிறார். அவரிடம் சொல்லுங்கள், நான் குடித்த கஞ்சியில் உப்பு இல்லை.