ஆறாவது பெயர்

வகுப்புக்கு நான் மணிக்கு முன்பே வந்துவிடுகிறேன் என்பதுதான் மாணவர்கள் என்மேல் சொல்லும் ஒரே குறை. நைரோபியில் இருபத்தாறு வருடமாகச் சோமாலியும் சுவாஹிலியும் கற்பிக்கிறேன்; மாணவர்களுக்கு நான் ‘முவாலிமு’, அதாவது வாத்தியார். வேறு புகார் வந்ததில்லை. விசாரணைக் குழுவினராகிய நீங்கள் இஸ்மானைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

கெட்டிக்காரப் பையன். சுவாஹிலி வகுப்பில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சோமாலியில்தான் சங்கடம். சோமாலிகளான எங்களில் ஒருவன் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று பன்னிரண்டு தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் பெண்ணே கொடுப்பார்கள். துறையின் ஆண்டு விழாவில் அதுவும் ஒரு நிகழ்ச்சி. விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அவன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

“முவாலிமு, மூணு பேருதான் எங்க ஆளுங்க. மீதி ஒன்பதும் இரவல். எங்க பூட்டனை அடிமையா பிடிச்சுட்டு வந்தாங்க. அப்புறம் ஒரு கூட்டம் அடைக்கலம் குடுத்துச்சு. அவங்க முன்னோர் பேரைத்தான் சொல்லிக்கிறோம். எனக்குப் பேசியிருக்கிற உபாவோட மாமாங்களுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும். இது தாங்குமான்னு பாருங்க.”

பன்னிரண்டு பெயரையும் எழுதி அவன் நீட்டிய காகிதத்தைப் பார்த்தேன். ஐந்தாமவருக்குத் தகப்பன் என்று எழுதியிருந்த ஆறாமவர், பிள்ளையில்லாமல் செத்தவர். உண்மையான தகப்பன் அவருடைய அண்ணன். பென்சிலால் ஒரு பெயரை மாற்றினால் போதும்.

“கச்சிதமா இருக்குப்பா. மேடையிலயே சொல்லு” என்றேன்.

உபாவின் மாமன்மாரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்ததும் நான்தான். ஆறாவது பெயர் வந்ததும் பெரிய மாமா ஹாஜி குலேத் கைத்தடியைத் தூக்கினார்.

“நில்லுப்பா. அந்த மனுஷன் வாரிசே இல்லாம போய்ச் சேந்தவராச்சே. நீ எங்கேருந்து மொளச்சே?”

அரங்கமே சிரித்தது. இஸ்மான் என்னைப் பார்த்தான். நான் நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே கல்யாணம் நின்றது. அவன் விடுதியைக் காலி செய்துவிட்டு, லிபியா வழியாகக் கடல் தாண்டப் போகிறவர்களோடு சேர்ந்துகொண்டான். படகு கவிழ்ந்த செய்தியை அவன் அக்கா எனக்குத்தான் முதலில் போனில் சொன்னாள். “உங்களை அப்பா மாதிரின்னு சொல்லுவான், சார்.”

படிப்பில் பொய் கலக்கக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று எனக்கே சொல்லிப்பார்த்தேன். எடுபடவில்லை. அவன் பேசியதில் ஒன்றை மேலே விட்டுவிட்டேன். காகிதத்தை நீட்டும்போது அவன் சிரித்தான்.

“நீங்களும் எங்க ஆளுதானே, முவாலிமு? கோவத்துல பேசறப்போ உங்க உச்சரிப்பு எங்க தாத்தாவோடது மாதிரியே இருக்கு. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

விடமாட்டான்தான். அது எனக்கு அப்போதே தெரியும்.

பிறகு ஹாஜி குலேத்தே வீடு தேடி வந்து உபாவை என் மகனுக்குப் பேசினார். நிச்சயதார்த்தத்தில் எங்கள் பன்னிரண்டு பெயரையும் நான்தான் தடுமாறாமல் ஒப்பித்தேன். அதில் இரண்டுதான் எங்களுடையவை. நின்றுபோன கல்யாணத்துக்கு ஒரு பரிகாரமாக இருக்கட்டுமே என்றுதான் சம்மதித்தேன். அடுத்த மாதம் திருமணம். அதுவரை இந்தக் கடிதம் உங்கள் கையைவிட்டுப் போகவேண்டாம். பாவம், அந்தப் பெண் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவள்.