மூக்கடைப்பு மாத்திரைக்கு லைசென்ஸ்

சுகர் லேண்ட் என்ற அமெரிக்க ஊரின் மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்த் தம்பதி. கணவருக்குக் கால் விரலில் கட்டு, கையில் பெரிய கோலா பாட்டில். நிலைகொள்ளாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். மூக்கடைப்பு மாத்திரை கேட்டதும், கவுன்ட்டர் பெண் டிரைவர்ஸ் லைசென்ஸை வாங்கிப் பார்த்தாள்.

“இதுலேர்ந்து போதை மருந்து காய்ச்சறாங்களாம். என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?” என்றார் மனைவியிடம்.

“கையில இருக்கற பாட்டிலுக்கு ஏன் கேக்கல?”

“இது வெறும் கூல் டிரிங்க்மா.”

“ஒருநாள் இல்லாம இருந்திருக்கீங்களா? புண் ஆறலன்னா விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“ஆபீஸ்ல ஃப்ரீயா வைக்கறான். பழகிடுச்சு.”

“அப்படித்தான் எல்லாம் பழக்குவாங்க.”

அவர் பாட்டிலைப் பக்கத்துச் சாக்லேட் அடுக்கில் வைத்தார்.

கவுன்ட்டர் பெண் மூக்கடைப்பு மாத்திரையோடு அவருடைய சர்க்கரை நோய் மாத்திரையையும் ரசீதையும் சிரித்தபடி நீட்டினாள். ரசீதின் அடியில் அதே கோலாவுக்கு ஒரு கூப்பன்: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

“விரலுக்கும் கூப்பன் உண்டான்னு கேளுங்க. ஒண்ணு போனா ஒண்ணு ஃப்ரீயா?” என்றாள் மனைவி.

அவள் சாவியைத் தேடித் திரும்பியதும், அவர் ரசீதிலிருந்து கூப்பனைக் கிழித்தெடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.