துரைப்படகின் சுக்கான்

மடவைக் கருவாட்டைத் தணலில் சுட்டுத்தான் தின்ன வேண்டும். குழம்பில் போட்டால் அதன் ருசியே போய்விடும் என்பது என் கட்சி. உங்கள் அக்காள் வீட்டுக்காரர் பொன்னுரங்கத்துக்கு அது ஆகாது. புளி கரைத்து, கத்தரிக்காய் போட்டு, முதல் நாள் குழம்பை மறுநாள் சுடவைத்துத் தின்றால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கடைசிவரை ஒத்துப்போகவே இல்லை.

உட்காருங்கள் தம்பி. படகு நிழலில் மணல் சுடாது. நீங்கள் கேட்க வந்தது கருவாட்டைப் பற்றி அல்ல என்று தெரியும். நெல்லூர்ப் பக்கம் பிழைக்கப் போனவர், மழை பெய்ததும் திருப்பாலைவனத்துக்கு வந்து பார்த்திருக்கிறீர்கள். அக்காள் வீடு கூரை இறங்கிக் கிடக்கிறது. விசாரித்தால், பழவேற்காட்டுக்குப் போனார்கள், கோட்டைக்குப்பத்துப் பச்சைமுத்து வீட்டுக்குத்தான் போனார்கள் என்கிறார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பச்சைமுத்து நான்தான். அதோ கருவாடு புரட்டிக்கொண்டிருப்பது என் பெண்டாட்டி எல்லம்மா. அவளிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. ஊரையே வாயால் விற்றுவிடக்கூடியவள், இப்போது என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதுவும் ஒரு வசதிதான்.

முதலிலிருந்தே சொல்கிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

பொன்னுரங்கத்தின் அப்பாவும் என் நைனாவும் நெல்லுக்குக் கருவாடு மாற்றிக்கொண்டவர்கள். அறுப்பு முடிந்ததும் அங்கிருந்து வண்டியில் நெல் வரும். அதே வண்டியில் இங்கிருந்து கருவாட்டுக் கூடை போகும். நாங்களும் அப்படியே செய்துவந்தோம். யாரும் அளந்து பார்த்ததில்லை. பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொறுத்தோம், மறு வருஷமும் பொய்த்தது. ஒரு நாள் வண்டி இல்லாமல், நெல் இல்லாமல், அவரும் உங்கள் அக்காள் ரங்கம்மாளும் மகள் குணசுந்தரியும் நடந்தே வந்து என் வாசலில் நின்றார்கள். குழந்தைக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். என்னை மாமா என்றுதான் கூப்பிடும்.

அந்தச் சமயம் கடற்கரையில் ஆள் பிடிக்கிற தரகர்கள் நாய் மாதிரி அலைந்துகொண்டிருந்தார்கள். பசித்தவனுக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்றி, கப்பலில் ஏற்றிவிடுவார்கள். கப்பல் எங்கே போகிறது என்று ஏறினவனுக்கும் தெரியாது, ஏற்றினவனுக்கும் தெரியாது. நம் வீட்டை நம்பி வந்தவர்களை அப்படி விட்டுவிட முடியுமா? அன்றைக்கே என் படகில் ஏற்றி, ஏரியின் வடகோடியில் ஒரு முள்காட்டுத் திட்டில் கொண்டுபோய் இறக்கினேன். அங்கே யாரும் வரமாட்டார்கள். சேறு அதிகம், மீன் குறைவு. மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கருவாடும் கிடைத்த தானியமும் அடிக்கடி கொண்டுபோய்க் கொடுத்தேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எல்லம்மாவுக்கும் தெரியும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பனிக்காலத்தில் ஏரியின்மேல் மூட்டம் இறங்கினால் எதிரில் வருகிற படகு தெரியாது. அதனால் படகின் பக்கப் பலகையில் கையால் தட்டிக்கொண்டே போவோம். வீட்டுக்கு வீடு தட்டுகிற விதம் வேறு. என் வீட்டுக்கு, ஓங்கி ஒன்று, சற்று விட்டு, சேர்ந்தாற்போல் இரண்டு. கேட்டதுமே பச்சைமுத்து வருகிறான் என்று ஊர் சொல்லிவிடும். எல்லா வீட்டுக்கும் பொதுவாகவும் ஒன்று இருக்கிறது. உள்ளங்கையை விரித்து மெதுவாக, நிறுத்தாமல் தட்டினால், கிட்டே வராதே, ஆபத்து, விலகிப் போ என்று அர்த்தம். பால்குடி மறந்த பிள்ளைக்கும் எங்கள் குப்பத்தில் இது தெரியும். திட்டில் இருந்த மூவருக்கும் இரண்டையும் கற்றுக்கொடுத்தேன். படகுப் பாய் எது தெரிந்தாலும் முள்ளுக்குள் போய்ப் படுத்துவிடுங்கள், என் தட்டல் கேட்டால் மட்டும் வெளியே வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். குணசுந்தரி அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டது. பானை, கட்டை எது அகப்பட்டாலும் தட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த நேரத்தில்தான் துரைப்படகு வந்தது.

அது ஒல்லாந்தத் துரை ஒருவருடைய சொந்தப் படகு. மீன் பிடிக்க அல்ல, சரக்கு ஏற்ற அல்ல. உலாப் போவதற்கென்றே ஒரு படகு கட்டுவார்கள் என்பதை அன்றுவரை நான் கேள்விப்பட்டதில்லை. அடிப்பாகம் தட்டை. இரண்டு பக்கமும் செவுள் மாதிரி பெரிய பலகைகள். ஆழம் குறைந்தால் அவற்றைத் தூக்கிவிடலாம், முழங்கால் தண்ணீரிலும் ஓடும். மற்றத் துரைமார் கோட்டையிலிருந்து முகத்துவாரம் வரை போய்க் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். இவருக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாரும் போற தண்ணில எனக்கு இன்னா வேலைனு கேக்கறாருய்யா. யாரும் போவாத எடமா காட்டணுமாம்" என்று சந்தியாகு வந்து சொன்னான். சந்தியாகு துரையின் பணியாள். அவர் பாஷை அவனுக்கு வரும். வடக்கு ஏரி தெரிந்த ஆள் என்று என்னைக் கூட்டிப்போய்ச் சுக்கானில் உட்காரவைத்தான்.

தம்பி, நீங்கள் ஏர் பிடிக்கிறவர். நல்ல மாடு வாய்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என் படகோடு நான் பிறந்ததிலிருந்து மல்லுக்கட்டியிருக்கிறேன். தோள் எலும்பு தேய்ந்துபோனதுதான் மிச்சம். இந்தப் படகு அப்படி இல்லை. சுக்கான் பிடியில் ஒரு விரல் வைத்தால் போதும், திரும்பிவிடும். மற்ற கை சும்மா இருக்கும். வெற்றிலைப் பையைத் துழாவிக்கொண்டே நான் அதை ஓட்டுவேன். பாயில் காற்று நிறைந்து அது ஒரு பக்கம் சாய்ந்து போகும்போது எனக்கு அழுகை வரும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் படகின்மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

திட்டுப் பக்கம் மட்டும் நான் போகவில்லை. அங்கே சேறு, மாட்டிக்கொள்வோம் என்று சொல்லி வைத்திருந்தேன். மற்ற இடமெல்லாம் காட்டினேன். பூநாரைக் கூட்டம் காட்டினேன், பாழடைந்த உப்புப் பாத்தி காட்டினேன், உள்ளே போகப்போக முடிவே தெரியாத ஓடைகளைக் காட்டினேன். துரை முதலில் குழந்தை மாதிரி கை தட்டினார். போகப்போகப் பாய்க்கு அடியில் படுத்துத் தூங்க ஆரம்பித்தார். ஒரு நாள் சந்தியாகு சொன்னான்: "தொரைக்குச் சலிச்சுப் போச்சு. ஒரே தண்ணி, ஒரே பட்சிங்கறாரு. படகை வித்துட்டு குதிரை வாங்கப் போறாராம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. எல்லம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் சந்தியாகுவிடம், "வடக்கே ஒரு திட்டு இருக்கு. அங்க இதுவரைக்கும் அவர் பார்க்காதது இருக்குனு சொல்லு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். துரை கெட்டவர் இல்லை. அவர் பார்ப்பதால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

திட்டுக்குப் பக்கத்தில் போனதும் துரைப்படகின் பலகையில் தட்டினேன். ஓங்கி ஒன்று, விட்டு இரண்டு. முள்காடு அசைந்தது. ரங்கம்மாள் மீன் வாங்க மண்பானையை எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தை முழங்கால் தண்ணீரில் ஓடிவந்து, துரையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "பயப்படாத, நம்ம தொரைதான்" என்றேன். துரைக்குத் தூக்கமெல்லாம் போய்விட்டது. பூநாரையைப் பார்த்தபோது இருந்த அதே முகம். குழந்தைக்கு ஒரு காய்ந்த ரொட்டி கொடுத்தார்.

பொன்னுரங்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னா அண்ணே இது? யாரையும் இட்டாரமாட்டேன்னு சொன்னியே."

"நல்லவர்யா. ரொட்டி குடுத்தாரு பாத்தியா?"

அவர் குழந்தையின் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள், பறந்துவிட்டது. அந்த ரொட்டியில் பாதியை அவரும் தின்றார்.

அதற்குப் பிறகு துரை குதிரைப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த முறை சிநேகிதர்களையும் குடை பிடித்த அம்மாமார்களையும் அழைத்து வந்தார். யாரும் போகாத தண்ணீரில் தான் கண்டுபிடித்த மனிதர்கள் என்று காட்டினார் போலிருக்கிறது. குணசுந்தரியைப் படகில் தூக்கி உட்காரவைத்தார்கள். அது பலகையில் என் வீட்டுத் தட்டலைத் தட்டிக் காட்டியது. என்னைவிட நன்றாகவே தட்டியது. அம்மாமார்கள் சிரித்துக் கை தட்டினார்கள். நல்ல நாள் அது. அரிசி, சர்க்கரை எல்லாம் கிடைத்தது. ரங்கம்மாளே என்னிடம், "நீ நல்லா இருக்கணும் அண்ணே" என்றாள். உங்கள் அக்காள் சொன்ன வார்த்தை அது, நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

மூன்றாவது முறை அம்மாமார்கள் வரவில்லை. புதிதாக ஒருவர் வந்தார். அவரிடம் குடையும் இல்லை, மதுப்புட்டியும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். சந்தியாகு என் பக்கத்தில் வந்து, கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

"பச்சமுத்து, இந்தாளு கப்பல்காரன். உன் ஆளுங்களைப் பாக்கத்தான் வர்றான். எத்தையாவது சொல்லித் திருப்பிடு. சேறுன்னு சொல்லு."

"காத்து நல்லாக்கீது" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டான். அன்றோடு அவனும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். இந்தக் கரையில் என்னோடு பேசாதவர்கள் சேர்ந்துகொண்டேதான் போகிறார்கள்.

திட்டு வந்தது. தட்டினேன். பழகின கை, தானாகத் தட்டிவிட்டது. மூவரும் வந்தார்கள். குழந்தை சிரித்துக்கொண்டே வந்தது, சர்க்கரை ஞாபகம். கப்பல்காரர் பொன்னுரங்கத்தின் தோளைப் பிடித்துப் பார்த்தார், ரங்கம்மாளை நடக்கச் சொன்னார், குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டையில் வேலை இருக்கிறது, மூன்று பேருக்கும் சோறு உண்டு, ஏறுங்கள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. சந்தியாகு வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

"நீ கூட வர்றியா அண்ணே?" என்று பொன்னுரங்கம் கேட்டார்.

"நான்தானே ஓட்டறேன்" என்றேன். அது பொய் இல்லை.

அடித்து ஏற்றவில்லை, கட்டி ஏற்றவில்லை. அவர்களே ஏறினார்கள். ரங்கம்மாள் பானையைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டாள். கோட்டை வந்தது, நாங்கள் நிற்கவில்லை. முகத்துவாரத்தைத் தாண்டினோம். கடல் அன்றைக்கு எண்ணெய் மாதிரி கிடந்தது. வெளியே கப்பல் நின்றது. பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கத்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. குழந்தையின் தலையில் கையை வைத்துக்கொண்டு, "தண்ணி ரொம்ப ஆழமா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கயிற்று ஏணியில் ஏறும்போது பானை மட்டும் கீழே விழுந்து உடைந்துவிட்டது.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும் தம்பி. எல்லம்மாவும் இதையேதான் கேட்டாள். தட்டாமலாவது இருந்திருக்கலாமே என்றாள். உள்ளங்கையை விரித்து, விலகிப் போ என்று தட்டியிருந்தால் அவர்கள் முள்ளுக்குள்ளேயே கிடந்திருப்பார்களே, துரைக்கும் கப்பல்காரருக்கும் அந்தத் தட்டலுக்கும் இந்தத் தட்டலுக்கும் வித்தியாசம் தெரியுமா என்றாள். தெரியாதுதான். கை தானாகத் தட்டிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். உங்களிடமும் சற்று முன்பு அப்படித்தான் சொன்னேன். அது சரியில்லை. திட்டு கண்ணில் பட்டபோதே இரண்டு தட்டலும் என் நினைவில் இருந்தன. விலகச் சொல்லித் தட்டினால் திட்டு காலியாகத் தெரியும். காலித் திட்டைப் பார்க்க துரை எதற்குப் படகு வைத்திருக்க வேண்டும்? அதை யோசித்துத்தான் வரச்சொல்லித் தட்டினேன்.

துரை குதிரை வாங்கவில்லை. படகு இன்னும் கோட்டைத் துறையில்தான் கட்டிக் கிடக்கிறது. நான்தான் ஓட்டுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் தாய்மாமன், உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். கப்பலின் மேல்தட்டில் குணசுந்தரியின் தலை தெரிந்தது. அது அழவில்லை. பக்கப் பலகையில் தட்டியது. ஓங்கி ஒன்று, சற்று விட்டு, இரண்டு. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறுபடியும் தட்டியது. தண்ணீரின்மேல் சத்தம் நன்றாகக் கேட்கும்.

நான் பதிலுக்குத் தட்டியிருப்பேன் தம்பி. ஆனால் அந்தப் படகை ஓட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும்.