கால்வாய்க் கேமரா

கோளாறு கேபிள்ல இல்ல சுஜி. கேபிள மூணு தடவ மாத்தியாச்சு. ஸ்விட்ச்சும் புதுசு. நெட் கம்பெனிக்காரன் வந்தான், ரெண்டு காபி குடிச்சான், எங்க பக்கம் எல்லாம் சரியா கீது சார்னு போயிட்டான். நீ ஆபீஸ்ல இதே வேலதான பாக்குற, உருப்படியா பாரு. ராத்திரிக்கு செம மழன்னு சொல்றான்.

கேமரா இப்ப நல்லாத்தான் ஓடும். அதான கூத்து. கால்வாய், தண்ணி, அளவுகோலு, எல்லாம் கண்ணாடியா தெரியும். நான் ஒருத்தன் பாத்தா ஒரு தொல்லையும் இல்ல. மழ கொட்டினா முடிச்சூர்ல எவன் தூங்குறான்? நம்ம நூத்தி நாப்பது வூடும் ஒரே நேரத்துல போனத் தொறக்கும், தண்ணி எவ்ளோ ஏறிச்சுன்னு. அப்பதான் மக்கர் பண்ணும்.

அதான் நம்ம அசோசியேஷன் குரூப்ல போட்டேன். பதினோரு மணிக்கு எல்லாரும் கேமராவத் தொறங்க, பத்து நிமிஷம் மூடக்கூடாது, செக்ரட்டரி உத்தரவு. கிளியம்மாள் கேக்குறா, வெயில் அடிக்குது, அடுப்புல கொழம்பு கொதிக்குது, எதுக்கு சார் கால்வாயப் பாக்கணும்னு. ரெண்டையும் பாருன்னேன்.

மணி ஆச்சு. இன்னா காட்டுது? படத்துல ஒம்பதாயிரம் துண்டு தொலைஞ்சிருக்கா! லைன்ல போவல, இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ளயே வுட்டுருக்கா? சொல்லு, சுருக்கமா. ம். வர்றத உள்ள இருக்குற நெட் கார்டு வாங்கி வெக்குது. டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் வந்து அள்ளணும். கூட்டம் வந்தா அள்ளி முடியல. எடம் ரொம்பிடுச்சுன்னா மிச்சத்த சத்தமில்லாம தூக்கிப் போட்டுடுது. எவ்ளோ எடம்? எரநூத்தி அம்பத்தாறா? நாலாயிரம் வரைக்கும் வெக்கலாம்னா வையேன், இன்னா யோசன? டிரைவரும் பழசா? புதுச ஏத்து.

தொலையறது நின்னுடுச்சா? நம்பர் ஏறலையே? எத்தினி பேர் பாக்குறாங்க? நூத்தி முப்பத்தெட்டு. ரெண்டு வூடு ஏமாத்திடுச்சு. பரவால்ல.

ஏய், பைய ஏன் எடுக்குற? வேல முடியல. படத்து மேல கடியாரம் போடு. செகண்டு ஓடணும். அதான் சரியாயிடுச்சேங்கிறியா? இன்னிக்கு இது, நாளைக்கு வேற எதாவது போவும். போனா தெரியணும். படம் நின்னா கறுப்பாவா ஆவுது? கடைசியா வந்ததையே காட்டிகினு கெடக்குது. தண்ணி ஏறாத மாதிரி.

இருந்துச்சு, முன்ன இருந்துச்சு கடியாரம். நான்தான் எடுத்தேன். அளவுகோல் நம்பர மறைக்குதுன்னு.

போன மழைக்கு எங்க அக்கா போன் பண்ணிச்சு. ரத்தினபாய். மொதத் தெரு, கால்வாய ஒட்டி கீழ் வூடு. நீ பாத்திருப்ப, வாக்கர் வெச்சிகினு நடக்கும். ஜோனத்தான், தண்ணி ஏறுதாடா, மேல தூக்கினு போக ஆளக் கூப்புடவான்னுச்சு. இதே திரையத்தான் பாத்தேன். ரெண்டாவது கோட்டுலயே நிக்குதுக்கா, நீ படுன்னேன்.

முக்கா மணி நேரமா அதே படம்தான் நின்னுருக்கு. தண்ணி வடிஞ்சு மறுநாள் மத்தியானம்தான் அக்கா வூட்டுக் கதவத் தெறக்க முடிஞ்சுது.

இன்னா பாக்குற? போடு. பெருசா போடு. அளவுகோலு மறைஞ்சா மறையட்டும்.