வாங்கி வைத்த பூட்டு

தில்லை நகரில் காலை ஒன்பது மணிக்கு வண்டி நிறுத்த நிழலில் ஓர் இடம் கிடைத்துவிட்டால், அன்றைக்கு வேறு அதிர்ஷ்டமே வேண்டாம். அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குக் கிடைத்தது. நீங்கள் லால்குடி மாரியாயி செத்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். அதற்குத்தான் வருகிறேன்.

என் பெயர் அமிர்தராஜ். திருவெறும்பூரில் வீடு. அவள் செத்த அந்தத் தில்லை நகர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்பது வருஷமாக நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்பது பெரிய வார்த்தை. பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுகிறவன்.

முதலாளி டாக்டர் சௌரிராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். அவருடைய ஒரே பாஸ்வேர்டைத்தான் ஆஸ்பத்திரி முழுக்கப் பயன்படுத்தினார்கள். ரிசப்ஷனில் பெலிண்டா அதைக் காலண்டருக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருந்தாள். ஆயுத பூஜையன்று சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதோடு பாதுகாப்பு முடிந்தது.

போன மார்ச்சில் டை கட்டிய ஒருவன் சென்னையிலிருந்து வந்து, பாதுகாப்புக்கென்று ஏதோ புதுப் பெட்டி விற்கப் பார்த்தான். டாக்டர் மயங்கிவிட்டார். வருஷா வருஷம் நாம் வாங்குகிற சாஃப்ட்வேர் லைசென்ஸிலேயே எல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். போனுக்கு வரும் நம்பரைச் சொன்னால்தான் உள்ளே விடும் பூட்டு, திருடன் நுழைந்தால் அடிக்கும் மணி, நோயாளிகளின் ரெக்கார்டுகளுக்குத் தினமும் தானாக எடுக்கும் நகல். திறந்துவிட்டால் போதும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற ஜென்மங்களிடம் இதையும் ஒருவன் விளக்க வேண்டியிருந்தது.

"கார்த்தால பெருமாள் சேவிக்கறச்சே போன்ல நம்பர் வந்தா யாருங்காணும் எடுத்துச் சொல்லுவா? நீர் போய் பிரிண்டரைப் பாரும்" என்றார். பெலிண்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் போய் பிரிண்டரைப் பார்த்தேன்.

சரி, வேண்டாமென்றால் வேண்டாம். பூட்டை விட்டுவிட்டேன். மணியையும் நகலையும் மட்டும் எனக்காகத் திறந்துகொண்டேன். மணி என் போனில் அடிக்கும். நகல் என் லேப்டாப்பில் இருக்கும்.

மூன்று வாரத்தில் மணி அடித்தது. டாக்டர் கோயிலில் நிற்கிற நேரத்தில், அவர் பெயரில் வெளிநாட்டிலிருந்து எவனோ உள்ளே வந்திருந்தான். பதினோரு நாள் வந்தான். ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் அவன் வெளியே போயிருப்பான். அமுக்கவில்லை. சொல்லப்போனால் அவன் வேலையில் ஓர் ஒழுங்கு இருந்தது. அதை எங்கள் ஆட்களிடம் நான் பார்த்ததே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எல்லாத் திரைகளையும் அவன் பூட்டிவிட்டான். மாடியில் ஒரே ஓட்டம். டாக்டர் கீழே என் அறைக்கு இறங்கி வருவார் என்று கதவைப் பார்த்தபடி டீ குடித்தேன். வந்தது நர்ஸ் பிரான்சி. காலில் புண் புரையோடி நினைவில்லாமல் கிடந்த மாரியாயியை அக்கம்பக்கத்தார் தூக்கி வந்திருந்தார்கள். மகள் யாழினி இன்னும் பஸ்ஸில், போனை எடுக்கவில்லை.

"சார், போன வருஷம் இந்தம்மாவுக்கு ஏதோ ஊசி ஒத்துக்காம உயிர் போய் உயிர் வந்துச்சு. எந்த ஊசின்னு ரெக்கார்டுல இருக்கும். எப்படியாவது பாத்துச் சொல்லுங்க சார்."

லேப்டாப் திறந்தே இருந்தது. பெயரைத் தட்டினேன். பெனிசிலின் கூடாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"எல்லாம் போயிடுச்சு சிஸ்டர். மேல போய்ச் சொல்லுங்க."

ஓடினாள். அந்த ஊசியைத்தான் போட்டார்கள். கால் மணி நேரத்தில் முடிந்தது.

மத்தியானம் யாழினி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பூட்டுப் போடணும்னு நீங்க ஒருத்தர்தான் முன்னாடியே சொன்னீங்களாமே சார்." ஆமாம்மா என்றேன்.

கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நியாயத்தையும் சேர்த்து எழுதுங்கள், இன்ஸ்பெக்டர். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. டாக்டர் தாமே படியிறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த அம்மாவை நான் காப்பாற்றியிருப்பேன்.