‘உப்பு’ என்ற சொல்லைக் கைவிட்ட ரஃபாயேல் ஐயா

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் விக்டர் அவர்களே, கணவர் ரஃபாயேல் ஐயாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஏஸ்தெல் அம்மையாரே, முத்தியால்பேட்டையிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் வந்திருக்கும் சிறுநீரக நோயாளர் குடும்பத்தாரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். மற்றதெல்லாம் நானே தேடிப் படித்தது. ஆகவே புகழுரை எழுதிவந்து வாசிக்காமல், நடந்ததைச் சொல்கிறேன்.

ஊரே ‘முசியே’ என்று மரியாதையோடு அழைத்த இரத்தப் பரிசோதகர் ரஃபாயேல் ஐயா, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் கண்ணையனின் இரத்தத்தைச் சோதித்தார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறியிருந்தது. அச்சுறுத்த மனமின்றி, “உப்பு கொஞ்சம் கூடியிருக்குப்பா, டாக்டரப் பாத்துடு” என்றார். இரத்தத்தில் அந்தக் கழிவு கூடினால் நம் ஊரில் எல்லோரும் சொல்லும் சொல்தானே அது?

என் கணவர் வீட்டுக்கு வந்து, “ராஜாம்பா, இனிமே கொழம்புல உப்பு போடாத. இதுக்குப் போயி டாக்டர் எதுக்கு?” என்று சிரித்தார்.

“நீங்க தின்னுங்க, நாங்க என்ன பாவம் பண்ணோம்?” என்றேன். அவருக்குத் தனியாகச் சமைத்தேன். எட்டு மாதம் உப்பின்றி உண்டார். பிறகு முகம் வீங்கி, மூச்சுத் திணறி விழுந்தார். பிழைக்கவில்லை.

பரிசோதனைக் கூடத்துக்கே சென்று கேட்டேன்: “உப்புன்னு சொன்னீங்களே, கிட்னி கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா நாங்க ஓடியிருக்க மாட்டோமா?”

ஐயா எழுந்து நின்றார். “பயந்துடுவாருன்னு அப்படிச் சொன்னேம்மா. தப்பு என்னோடது. செவ்வாக்கெழம நான் நடத்துற ரத்தப் பரிசோதன முகாமுக்கு வாங்க. நான் சொல்றது ஜனங்களுக்குப் புரியலன்னா அங்கயே என்ன நிறுத்துங்க.”

சென்றேன். பதினோரு ஆண்டுகள் சென்றேன். அந்தச் சொல் அவர் வாயில் மீண்டும் வரவில்லை. ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் வடிகட்டிகள் உண்டென்றும், நாற்பது வயதைக் கடந்தால் அவை மெல்லக் குறையுமென்றும், போனவை மீண்டும் முளைப்பதில்லை என்றும் ஒவ்வொருவரிடமும் சொன்னார். பாதிக்குமேல் அழிந்தாலும் வலிக்காது, ஆகவே வலிக்காகக் காத்திருக்காதீர்கள் என்றார். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரை, மூன்றையும் பெயர் சொல்லிக் கண்டித்தார்.

கோவிந்தராசு அவர்களிடம், “கழிவு ஒடம்புலயே தங்குது. டாக்டர்ட்ட போகலன்னா செத்துடுவ” என்றார். “வாயக் கழுவு முசியே!” என்று ஏசிவிட்டு, அதே கோபத்தில் மருத்துவரிடம் போனார் இவர். இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

எழுபத்தொன்பது வயதில் ஐயாவின் சிறுநீரகங்களே ஓய்ந்தன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கடைசியாகப் பார்த்தபோது கேட்டார்: “என்ன மன்னிச்சிட்டீங்களாம்மா?”

போர்வையைச் சரிசெய்தேன். வீட்டுக்குக் கிளம்பினேன். மறுநாள் காலை செய்தி வந்தது.

மன்னித்துவிட்டேன் என்று இம்மேடையில் அறிவித்தால் உங்கள் நெஞ்சம் ஆறும். அம்மையாரின் நெஞ்சமும் ஆறும். ஆனால், கேட்பவர் மனம் நோகாதிருக்க உண்மையை மாற்றிச் சொல்லலாகாது என்று என்னைப் பழக்கியவர் அவரே. எனவே அதை நான் சொல்லப்போவதில்லை.

வரும் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கருவடிக்குப்பத்தில் முகாம் நடைபெறும். அவருடைய நாற்காலியில் நான் அமர்ந்திருப்பேன். வாருங்கள். உங்கள் பரிசோதனை முடிவில் உள்ளதை உள்ளபடியே சொல்வேன்.