ஒன்பது மணிக்குள் ஒரு வரி

அவையை ஆளும் தலைவர், பெரியவர் புகிங்கோ அவர்களே! எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம் என்று மென்பொருளை ஊருக்கே திறந்து வைத்திருக்கும் தோழர்களே! மீன் காயப்போட்ட கையோடு முவான்சா நகர் வரை வந்திருக்கும் தாய்மார்களே! ஏரியை நம்பி வாழும் என் உறவுகளே! எல்லோருக்கும் ஞாமிசியின் வணக்கம்.

கைப்பேசியைப் பிடித்துக்கொண்டே பேசுகிறாளே, இது என்ன மரியாதை என்று முன்வரிசையில் முணுமுணுக்கிறீர்கள். கேட்கிறது ஐயா. இன்று இதைக் கீழே வைக்க முடியாது. காரணம் சொல்கிறேன்.

காற்று வருமுன் கரைகளுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளை அறிவீர்கள். காசில்லாமல் கிடைத்தது, கடல் கடந்த நல்லவர்கள் கட்டியது. கூடவே ஒரு வழிகாட்டியும் வந்தது. 'படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு செய்தி வரும்படி நேரத்தைக் குறியுங்கள்' என்றது அது. எவ்வளவு எளிமை! எங்கள் கரையில் கணினியைப் பார்த்துக்கொள்ளும் கபுலா அப்படியே செய்தாள். போன வாரம் ஒரு மாலையில் சூறைக்காற்று. காலையில் 'ஏரி அமைதி' என்று வந்த செய்தியோடு சரி, பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு படகு கவிழ்ந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் கை கொடுத்ததால் உயிர்கள் தப்பின. ஓடினேன் கபுலாவிடம்.

"எத்தனை மணின்னு போட்ட?"

"ஒன்பதுன்னு போட்டேன் அக்கா. படகு பத்துக்குத்தானே கிளம்புது?"

"அடிப்பாவி, பதினஞ்சுன்னு போடணும்டி!"

"பதினஞ்சா? எந்த ஊர்க் கடிகாரத்துல அக்கா பதினஞ்சு மணி இருக்கு?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! ஆனால் அவள் கேட்டதில் என்ன பிழை? உலகம் நள்ளிரவில் எண்ணத் தொடங்குகிறது. நாம் விடியலில் தொடங்குகிறோம். விடிந்து ஒன்பது மணி நேரம் ஆனால் நமக்குப் பிற்பகல் ஒன்பது, உலகத்துக்குப் பிற்பகல் மூன்று, கணினிக்குப் பதினைந்து. அவள் போட்ட ஒன்பதைக் காலை நேரம் என்று எடுத்துக்கொண்டது அது.

இருவரும் உட்கார்ந்து வழிகாட்டியில் சேர்க்க ஒரு வரி எழுதி அனுப்பினோம்: 'இங்கே நள்ளிரவிலிருந்து எண்ணுங்கள், நம் பிற்பகல் ஒன்பது, இதற்குப் பதினைந்து.' மென்பொருள் குழுவில் திருத்தங்களைச் சரிபார்க்கும் நண்பர் ஒருவர் பதில் போட்டார். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? இதையெல்லாமா எழுதுவாங்க?"

கபுலா விடுவாளா? "தெரிஞ்சவங்க படிக்கவா சார் வழிகாட்டி எழுதறீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். இன்று காலை அந்த வரி வழிகாட்டியில் ஏறிவிட்டது.

அப்புறம் என்ன கவலை என்கிறாரா பின்வரிசை அண்ணன்? இருக்கிறதே அண்ணா! நமகுபோ தீவுக் கரையிலும் அதே மென்பொருள், அதே பழைய வழிகாட்டி, அதே ஒன்பது. என் கணவர் மகேசா இந்த வாரம் அங்கேதான் படகு இறக்குகிறார். இன்று மாலை காற்று என்கிறார்கள். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கரைக்காரர்களுக்குப் புதிய வரியை அனுப்பினேன், பதில் இல்லை. பார்த்தார்களா? பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்களா? அந்தக் கரையின் செய்தி எனக்கும் வரும். நேரத்தை மாற்றியிருந்தால் சரியாக ஒன்பதுக்கு வந்துவிடும். வராவிட்டால், பத்துக்கு அவர் படகு தண்ணீரில் இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நிரல் எழுதக் கூட்டம் கூடுகிறது. விளக்கம் எழுத யார் வருகிறார்கள்? பெருமை இல்லை என்றா? பெயர் வராது என்றா? உங்களுக்கு எங்கே புரியவில்லையோ, அங்கே நாளை இன்னொருவர் தடுக்கி விழுவார். அதை எழுதுங்கள்! கேலி செய்தாலும் எழுதுங்கள்! ஒரே ஒரு வரியானாலும் எழுதுங்கள்!

என்ன ஐயா? "மணி ஒன்பதாச்சும்மா, முடிச்சுக்கலாமா?" என்கிறார் தலைவர். ஒன்பதாகிவிட்டதா? ஒன்றும் வரவில்லையே. கொஞ்சம் பொறுங்கள் ஐயா, யாரும் பேசாதீர்கள்...

வந்துவிட்டது! தாய்மார்களே, வந்துவிட்டது! 'நமகுபோ கரை. பலத்த காற்று வருகிறது. படகு இறக்க வேண்டாம்.'

பொறுமையாகக் கேட்ட அவைக்கு என் நன்றி, என் வணக்கம். நீங்கள் போய் எழுதுங்கள். நான் போய், கூப்பிட்டால் எடுக்காத அந்த மனிதரை ஆசைதீரத் திட்ட வேண்டும்.